நீ கையெழுத்து வைக்காத டயப்பர் படிவம்

தொலைபேசியை எடுக்காத என் மகனுக்கு,

பதினொரு நாட்களாக உன் வீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். மணி போகிறது, நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி உன் மனைவி எடுத்தால், நீ பக்கத்தில் நின்று கையைக் காட்டுவது யூனியன்வில்லில் உன் அக்கா வீட்டுக் குசினியில் நிற்கிற எனக்கே தெரிகிறது. "அவர் வெளியாலை போயிட்டார் மாமி" என்று அவள் சொல்லி முடிக்கு முன் உன் இருமல் கேட்கிறது. பொய் சொல்வதென்றால் இருமலையாவது அடக்கப் பழகு. நீ யாரோடு பேசாவிட்டாலும், வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடை வாசலில் இலவசமாக வைக்கும் பத்திரிகையை மட்டும் எடுக்காமல் விட்டதில்லை. முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி தவறாமல் வாசிப்பவன் நீ. ஆகவே இந்தக் கடிதத்தை அதிலேயே போடக் கொடுக்கப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. நீ இருக்கிற பார்க்டேலில் இந்தக் கதை நடக்கிற வீடு குறைந்தது முப்பது இருக்கும். முப்பது பேரும் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் கடைப்பக்கம் வரமாட்டார்கள்.

உன் மானத்தை விற்றுவிட்டேன் என்பது உன் குற்றச்சாட்டு. நான் விற்றது என்ன, வாங்கியவர் யார் என்று பதினொரு நாளாக யோசிக்கிறேன். நான் செய்தது ஒன்றுதான். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் உதவிக் காசு தருகிற வெல்பெயர் அலுவலகத்துக்குப் போய், எங்கள் வீட்டுக் குழந்தைக்கு டயப்பர் வாங்க வழியில்லை என்று சொன்னேன். அது உண்மை. அதை உண்மை என்று உன் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்கும் தெரியாத மாதிரித்தான் பத்து மாதமாக நாங்கள் எல்லோரும் நடித்தோம். அந்த நடிப்பில் பெரிய வேடம் போட்டவள் நான்தான். அதையும் இதில் எழுதத்தான் போகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் உன் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். நீ வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். அது உன் பிழை இல்லை. வேலை போனபின் கொஞ்ச மாதம் தந்த காசும் முடிந்து, வெல்பெயருக்கு எழுதிக் கொடுத்தாய். அதுவும் பிழை இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் விடிய ஏழு மணிக்கு எழும்பி, சப்பாத்துப் போட்டு, மனைவி கட்டித்தந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் எடுத்துக்கொண்டு 'வேலைக்கு'ப் போனாயே, அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. எங்கே போகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நூலகத்தில் இருக்கிறாய் என்று தெரியும், உன் சட்டைப் பையில் அந்த நூலகத்துப் பென்சில்கள் இருந்தன. ஒருநாள் நானும் உன்னோடு லிப்ற்றில் இறங்கினேன். எங்கள் ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் கையிலும் சாப்பாட்டுப் பெட்டி. "என்ன அண்ணை, வேலைக்கோ?" "ஓம் ஓம், நீங்களும்?" அந்த நாலு பேரையும் பதினொரு மணிக்கு அதே நூலகத்தில் வெவ்வேறு மேசைகளில் காணலாம் என்று உன் மனைவிதான் பிறகு எனக்குச் சொன்னாள். ஒருவரை ஒருவர் கண்டால் பத்திரிகையை உயர்த்திப் பிடிப்பீர்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை நினைக்க அழுகையும் வந்தது.

உன் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்தபோது வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் சின்னச் சிவப்புப் பெட்டி. பத்து விரல் உள்ள பிள்ளைக்குப் பதினாலு மோதிரம் சேர்ந்தது. எதிர்க் கதவுப் போலந்துக்காரப் பெண் மட்டும் ரிப்பன் கட்டிய ஒரு பெரிய டயப்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீ அதை வாங்கி, ஆட்கள் காணு முன் அலுமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாய். "ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?" என்று என்னிடம் கேட்டாய். நானும் தலையாட்டினேன். அந்த விழாவில் வந்த பொருள்களில் பிள்ளைக்கு உடனே உதவியது அது ஒன்றுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் அப்படிப் பழகியவர்கள். பவுண் கொடுத்தால் மரியாதை, சீலைத்துணி கொடுத்தால் இல்லாதவன் என்று நினைத்துவிடுவோம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மார்கழி மாதம் வெல்பெயர் அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க ஒரு பெண் வருகிறாள் என்று கடிதம் வந்தது. இந்த நாட்டில் பிள்ளையைச் சரியாக வளர்க்காவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ ஓர் அன்ரி கோயிலில் சொன்னது என் தலைக்குள் ஓடத் தொடங்கியது. அன்று வீட்டில் நாலே நாலு டயப்பர்தான் இருந்தது. "இதைக் கண்டா பிள்ளையைப் பராமரிக்கினமில்லை எண்டு எழுதிப்போடுவாள்" என்று சொன்னது நான். அக்கம்பக்கத்து மூன்று வீட்டில் டயப்பர் பெட்டி இரவல் கேட்டதும் நான். நீ அவற்றைத் தூக்கி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினாய். கலியாண வீட்டுக்கு இரவல் நகை வாங்குவது போல நாங்கள் இரவல் டயப்பர் வாங்கினோம். நான் உழுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன். கட்லெட் பொரித்தேன். கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துத் துடைத்தேன். வருகிறவள் எங்கள் வறுமையைப் பார்க்க வருகிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

வந்தவள் நல்ல பிள்ளை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்தாள், பனி கரைந்து காலுறையெல்லாம் ஈரம். வடையில் இரண்டு சாப்பிட்டாள். எல்லாம் கேட்டு எழுதிய பிறகு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஏதாவது தேவையா, பால்மா, டயப்பர், ஏதாவது, என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். சொல்லத்தான் திறந்தாய் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, "நோ, நோ, பிளென்ரி, பிளென்ரி" என்று சொல்லி, நிறைய இருக்கிறது என்று அந்தப் பெட்டிகளைக் கையால் காட்டினேன். விருந்துக்குப் போன வீட்டில் 'இன்னும் வேணுமோ' என்று கேட்டால் 'போதும் போதும்' என்று சொல்லி வளர்ந்த வாய். அவள் பெட்டிகளைப் பார்த்தாள், சிரித்தாள், எழுதினாள். அவள் போய் அரை மணித்தியாலத்தில் பெட்டிகளும் அந்தந்த வீடுகளுக்குத் திரும்பிப் போயின. தொட்டிலுக்குப் பக்கத்தில் பழையபடி நாலு டயப்பர் இருந்தது. நீ என்னை ஏசியிருக்கலாம், ஏசியிருந்தால் நான் அன்றைக்கே திருந்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்காமல் இருப்பதற்கு நூலகம் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நானும் உன் மனைவியும். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வைத்து, நனைந்ததையே இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று விட்டோம். பிள்ளையின் தொடை சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. "நாங்கள் என்ன டயப்பரோ கட்டி வளத்தனாங்கள்? துணியைக் கட்டு பிள்ளை" என்று பெரிய மனுசி போல உன் மனைவிக்குச் சொன்னேன். உன்னை வளர்த்த இடத்தில் கிணறும் இருந்தது, வெய்யிலும் இருந்தது. பதினோராவது மாடியில் என்ன இருந்தது? கீழே உடுப்புத் தோய்க்கிற லோண்ட்றி அறையில் அந்தத் துணிகளைப் போடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அவள் குளியல் தொட்டியில் குனிந்து கையால் கசக்கினாள். பல்கனியில் போட்டால் விறைத்து அட்டையாகியது, ஹீற்றரில் போட்டால் வீடு முழுக்க மூத்திரம் மணத்தது. அவளுடைய கை வெடித்து இரத்தம் வந்தது. குழந்தைக்குத் தடவ வாங்கிய மருந்தைத் தன் கைக்கும் தடவிக்கொண்டாள்.

அவள் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள் என்று நீ எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னாய்! எனக்கும் பெருமைதான். காசு கட்டத் தேவையில்லாத வகுப்பு, பிள்ளையையும் பக்கத்து அறையில் வைத்துப் பார்ப்பார்கள், ஒரு வருடத்தில் முடித்தால் ஏதாவது வேலைக்குப் போகலாம். தை மாதத்தில் ஒருநாள் உடுப்புத் தோய்க்க நான் கீழே லோண்ட்றி அறைக்குப் போனேன். வகுப்பு நேரம். ஆனால் அவள் அங்கே, உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். மடியில் பிள்ளை. காலடியில் வகுப்புப் பை.

"என்ன பிள்ளை, வகுப்பு இல்லையோ?"

"இண்டைக்கு லீவு மாமி."

"நேற்று?"

அவள் பிள்ளையின் கம்பளியை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். பிள்ளையை விடுகிற இடத்தில் ஒவ்வொரு நாளும் மூன்று டயப்பர் பையில் வைத்து அனுப்ப வேண்டுமாம். துணி கட்டினால் எடுக்கமாட்டார்களாம். ஒருநாள் இல்லாமல் போனாள், தந்து உதவினார்கள். இரண்டாம் நாளும் தந்தார்கள். மூன்றாம் நாள் போக வெட்கமாக இருந்தது. பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஆசிரியைக்குச் சொல்லிவிட்டு, மூன்று கிழமையாக வகுப்பு நேரம் முழுவதும் அங்கே வந்து இருக்கிறாள். சூடாக இருக்கும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். "இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமி, தாங்கமாட்டார்." நீ நூலகத்தில், அவள் நிலக்கீழ் அறையில், நான் மேலே தொலைக்காட்சிக்கு முன்னால். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் மேல் வந்தது, அவள் மேல் வந்தது, என் மேல் எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தது.

அடுத்த நாள் நான் பிள்ளையைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். போலந்துக்காரப் பெண் ஒரு கடதாசியில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தந்தாள். இப்படி ஓர் உதவி இருக்கிறது, கேட்டால் தருவார்கள் என்றும், தானும் கேட்டுத்தான் எடுத்ததாகவும் அவள்தான் சொன்னாள். தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற் காரின் படி உயரம். ஒரு கறுப்பின மனிதர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார். அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்த அதே பெண் என்னைக் கண்டதும், வடை தந்த அம்மா என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சொற்களை வரிசையாக வைத்தேன்: பேபி, டயப்பர், நோ. அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்ல, லை. பிறகு பிள்ளையின் உடுப்பை விலக்கி அந்தச் சிவந்த தொடையைக் காட்டினேன். அவளுடைய முகம் மாறியது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகப் போகிறாள் என்று நான் வண்டியை இறுக்கிப் பிடித்தேன். அவள் உள்ளே போய் ஒரு படிவத்தைக் கொண்டு வந்தாள். உன் விண்ணப்பத்தைப் பற்றி என்னோடு பேச முடியாது, பாட்டி கேட்டால் போதாது, விண்ணப்பித்தவரே கேட்க வேண்டும், இங்கே கையெழுத்து வைக்க வேண்டும், மாதம் முடிய முன் கொண்டு வரவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நான் தலையாட்டும் வரை நின்று, சொன்னாள். விண்ணப்பித்தவர் நீ.

அந்தப் படிவத்தை உன் முன்னால் வைத்தபோது நீ என்ன சொன்னாய் என்பதை இந்தப் பத்திரிகையில் முழுதாக எழுத முடியாது. "உங்களை ஆர் அங்கை போகச் சொன்னது? கை நீட்டி வாங்கிற குடும்பமே நாங்கள்? என்ரை மானத்தை வித்துப்போட்டு வந்து நிக்கிறியள்!" என்றாய். "உன்ரை மானம் அந்தப் பிள்ளையின்ரை தோலிலை உரிஞ்சு கிடக்கு, போய்ப் பார்" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். நீ படிவத்தை எடுத்துப் பிரிட்ஜுக்கு மேலே எறிந்தாய். நான் உன் அக்காவுக்குத் தொலைபேசி அடித்து, வந்து என்னை ஏற்றிக்கொண்டு போ என்றேன்.

கை நீட்டி வாங்காத குடும்பம் என்கிறாய். ஊரில் சங்கக்கடை வரிசையில் அரசாங்கம் தந்த கூப்பனோடு நின்று அரிசியும் சீனியும் வாங்கிச் சாப்பிட்டவன் நீ. டாக்குத்தரின் மகனும் அந்த வரிசையில் நின்றான், ஒருவருக்கும் வெட்கமில்லை. பள்ளிக்கூடத்தில் தந்த பிஸ்கட்டில் ஒன்றைக் காற்சட்டைப் பையில் ஒளித்து எனக்குக் கொண்டு வந்தாய், அது எந்த நாட்டு உதவியில் வந்த பிஸ்கட் என்று கேட்டாயா? இங்கே ஏழு வருடம் இரவும் பகலுமாக உழைத்தாய். ஒவ்வொரு சம்பளத் துண்டிலும் வரி வெட்டினார்கள், 'உவங்கள் வெட்டுறாங்கள்' என்று நீ ஏசாத கிழமை இல்லை. அப்படி வெட்டினதில்தான் அந்தப் போலந்துக்காரியின் பிள்ளைக்கும் டயப்பர் வந்திருக்கும். உன் பிள்ளைக்கு வந்தால் மட்டும் அது பிச்சையா? வேலை இல்லாத நேரத்திலும் றிச்மண்ட் ஹில் கோயிலில் பிள்ளையாருக்கு அபிசேகத்துக்குப் பெயர் கொடுத்தாய். கொடுக்க உனக்குக் கை நீளும். வாங்குகிற இடத்தில் மட்டும் கை மடங்கிவிடுகிறது. இதையெல்லாம் நினைக்க நினைக்க எனக்கு எரிகிறது.

ஆனால் உன்னை இப்படி ஆக்கியது யார் என்றும் நினைக்கிறேன். உனக்கு ஒன்பது வயதில், உன் அப்பாவின் சம்பளம் நின்ற நேரம், மாமா வீட்டுக்குப் போனோம். போகும் வழியில் நான் உனக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்பிட்டியோ எண்டு கேட்டால் சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லவேணும்." நீ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாமி தட்டோடு வந்து கேட்டபோது, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சாப்பிட்டிட்டன் மாமி" என்றாய். வெளியே வந்ததும் உன்னைக் கட்டிப்பிடித்து, கெட்டிக்காரன் என்று கொஞ்சினேன். பசித்த பிள்ளையைப் பொய் சொல்ல வைத்து, அதற்குப் பரிசும் கொடுத்தவள் நான். என்னை மன்னித்துவிடு என்று கேட்க இத்தனை வருடம் எடுத்தது, அதையும் நேரில் கேட்காமல் பத்திரிகையில் கேட்கிறேன். நானும் உன்னைப் போலத்தான்.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்த பிறகு, இன்று மத்தியானம் உன் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள், நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. வகுப்பில் அவளுடைய இடத்தை மாதம் முடிய வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். "பரவாயில்லை மாமி, நான் வீட்டிலை இருந்து படிக்கிறன்" என்றாள். பிள்ளை எப்படி என்று கேட்டேன். அவளுடைய குரலில் ஒரு சந்தோசம் வந்தது. "இப்ப நல்ல பிள்ளை மாமி. முந்தி மாதிரி இல்லை. நனைஞ்சாலும் அழுறேல்லை. பேசாமல் படுத்திருக்கிறா."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். உன் மகளுக்குப் பத்து மாதம். இன்னும் ஒரு சொல் பேசத் தெரியாது. உடம்பு எரியும்போது வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த ஒரே ஆளாக அந்த வீட்டில் அவள் இருந்தாள். அவளும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.

கையெழுத்தை வை, ராசா.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா